யாழ்ப்பாணத்து மேசைகளில் விண்டோஸ், லினக்ஸ், மக்: பாதுகாப்பு நோக்கில் ஓர் ஒப்பீடு

எந்த இயங்குதளம் பாதுகாப்பானது என்ற கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடைகள் யாழ்ப்பாணத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை. உற்பத்தியாளர் வெளியிட்ட மென்பொருள் எந்த மாற்றமுமின்றி வாங்கியவரின் கணினிக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்ற எடுகோளின் மேல்தான் அவ்விடைகள் நிற்கின்றன. நான் பராமரிக்கும் சிறு அலுவலகங்களிலும் தெரிந்தவர்களின் வீடுகளிலும் உள்ள கணினிகள் பலவற்றில் அந்த எடுகோள் பொய்த்துவிடுகிறது. அங்கே இருக்கும் விண்டோஸ், திருத்தும் கடையொன்றின் பென்டிரைவிலிருந்து ஏற்றப்பட்டது. அந்தப் பிரதியை யார் எங்கிருந்து இறக்கினார், இடையில் யார் எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பது கடைக்காரருக்கே தெரியாது. ஆகவே விண்டோஸ் 11, ஆதரவு முடிந்த விண்டோஸ் 10, லினக்ஸ் வகைகளான உபுண்டு மற்றும் லினக்ஸ் மின்ற், அப்பிளின் மக்ஓஎஸ், கூகிளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் ஆகியவற்றை இங்கே மதிப்பிடும்போது, வடிவமைப்பின் வலிமையோடு, அது அசல் நிலையில் நம் கைக்கு வருகிறதா, வந்த பின் திருத்தங்கள் ஒழுங்காகக் கிடைக்கின்றனவா என்பதையும் சம எடையுடன் பார்த்திருக்கிறேன்.

ஒரு பிழையான அளவுகோலை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். ஓர் இயங்குதளத்தில் ஓராண்டில் பதிவான ஓட்டைகளின் எண்ணிக்கையை எடுத்து, கூடியது கெட்டது, குறைந்தது நல்லது என்று தரப்படுத்தும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பாதுகாப்பு ஓட்டைகளுக்கு வழங்கப்படும் சிவிஈ இலக்கத்தை லினக்ஸின் மையநிரலான கேர்னலைப் பராமரிக்கும் குழு 2024 பெப்ரவரியிலிருந்து தானே வழங்கத் தொடங்கியது. பாதுகாப்போடு தொடர்புபடக்கூடிய திருத்தம் எதுவானாலும் அதற்கு ஓர் இலக்கம் என்ற கொள்கையால் எண்ணிக்கை ஆயிரங்களுக்கு ஏறியது. லினக்ஸ் அந்த ஆண்டில் பலவீனமாகவில்லை, எண்ணும் முறைதான் மாறியது. ஓட்டை எத்தனை என்பதைவிட, அது அடைக்கப்பட்ட பின் அந்த அடைப்பு நம் கணினிக்கு எப்போது வந்து சேர்கிறது என்பதே பயனுள்ள கேள்வி.

அந்தக் கேள்வியைக் கிராக் செய்த, அதாவது உரிமம் இன்றிக் கள்ளமாகச் செயற்படுத்திய, விண்டோஸிடம் கேட்டால் விடை மோசமாக இருக்கிறது. விண்டோஸைச் செயற்படுத்தக் கடைகளில் பயன்படும் கருவிகளை, விண்டோஸுடனேயே வரும் அன்ரிவைரஸான டிஃபெண்டர் தீங்குநிரலாகவே இனங்காண்கிறது. எனவே ஏற்றுபவர் முதலில் செய்வது டிஃபெண்டரை நிறுத்துவது; அடுத்துச் செய்வது, அந்தக் கருவி மறுபடியும் அழிக்கப்படாமலிருக்க டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் விலக்குப் பட்டியலில் அதைச் சேர்ப்பது. சிலர் அதோடு நிற்பதில்லை, திருத்தங்கள் வந்தால் கிராக் கெட்டுவிடும் என்று விண்டோஸ் அப்டேற்றையும் முடக்கிவிடுகிறார்கள். கொக்குவிலில் ஒரு மாணவியின் மடிக்கணினியில் விண்டோஸ் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தபோது எல்லாக் குறிகளும் பச்சையாகவே இருந்தன. "அன்ரிவைரஸ் வேலை செய்யுதுதானே தம்பி, பச்சை காட்டுது" என்றார் அவருடைய தாயார். வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் சென்று, பக்கத்தின் அடியிலுள்ள விலக்குப் பட்டியலைத் திறந்தால் அதில் ஒரேயொரு வரி இருந்தது: சி டிரைவ், முழுவதும். டிஃபெண்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, பார்க்க வேண்டிய இடத்தை மட்டும் பார்க்கவில்லை. இத்தகைய கணினியை வைத்துக்கொண்டு விண்டோஸ் பாதுகாப்பற்றது என்று தீர்ப்பளிப்பது மைக்ரோசொப்ற்றுக்கு நியாயமல்ல. ஆனால் வாங்கியவருக்குக் கிடைத்திருப்பது அந்த விண்டோஸ்தான்.

இதன் விளைவு அதிகம் வெளிப்படும் இடம் பென்டிரைவ். பல்கலைக்கழகச் சூழலிலும் ரியூட்டரிகளுக்கு முன்னாலும் உள்ள போட்டோக்கொப்பிக் கடைகளில் ஒரே கணினியில் நாள் முழுவதும் எத்தனையோ பேரின் பென்டிரைவ்கள் செருகப்படுகின்றன. அங்கிருந்து திரும்பும் பென்டிரைவில் கோப்புறைகள் காணாமற்போய், அதே பெயரில் சிறு அம்புக்குறியுடன் குறுக்குவழிகள் மட்டும் இருப்பதைக் கண்டிராத மாணவர் இங்கே குறைவு. அசல் கோப்புறை அழிக்கப்படுவதில்லை, மறைக்கப்படுகிறது; குறுக்குவழியை அழுத்தினால் பின்னணியில் ஒரு ஸ்கிரிப்ற் ஓடிவிட்டுப் பிறகு அசல் கோப்புறை திறக்கும், ஆதலால் அழுத்தியவருக்குச் சந்தேகம் எழுவதில்லை. 2008 இல் பரவிய கொன்ஃபிக்கர் புழுவின் (தானே பெருகிக் கணினிக்குக் கணினி தாவும் நிரல்) காலத்தில் பென்டிரைவைச் செருகியதுமே நிரல் தானாக ஓடக்கூடியதாக இருந்தது. விண்டோஸ் 7 அதை நிறுத்தியது, 2011 பெப்ரவரியில் எக்ஸ்பிக்கும் விஸ்ராவுக்கும் அதே திருத்தம் அனுப்பப்பட்டது. அதன் பிறகு தாக்குபவருக்கு நம்முடைய ஒரு கிளிக் தேவைப்படுகிறது. அந்தக் கிளிக்கை விண்டோஸ் இன்னும் எளிதாக்கியே வைத்திருக்கிறது: கோப்புகளின் பின்னொட்டுகள் இயல்பாக மறைக்கப்பட்டிருக்கின்றன, அவற்றைக் காட்டும்படி நாம் மாற்றினாலும் குறுக்குவழியின் பின்னொட்டு மட்டும் வெளியே தெரிவதில்லை. இத்தனை ஆண்டுகளாகியும் இதை மாற்றாதிருப்பது வீண் பிடிவாதம் என்பது என் எண்ணம். அதே பென்டிரைவை லினக்ஸ் மின்ற் ஓடும் கணினியில் செருகினால், மறைக்கப்பட்ட கோப்புறையும், போலிக் குறுக்குவழியும், அருகிலிருக்கும் ஸ்கிரிப்ற் கோப்பும் தத்தம் பின்னொட்டுகளுடன் பக்கத்துப் பக்கமாகத் தெரிகின்றன. லினக்ஸுக்கு நோயெதிர்ப்பு இருப்பதால் அல்ல, அந்த நிரல் லினக்ஸுக்காக எழுதப்படவில்லை என்பதால்தான் எதுவும் நடப்பதில்லை. ஆயினும் ஒரு ரியூட்டரியின் அச்சுக் கணினிக்கு அந்த வேறுபாடே போதுமானது.

முறையாக உரிமம் பெற்ற விண்டோஸ் 11 வேறொரு தரத்தில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஒக்ரோபரில் அது வெளியானபோது ரிபிஎம் 2.0 சில்லும், செக்கியூர் பூட் வசதியும், இன்ரெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டும் என்ற நிபந்தனைக்காகப் பலரும் திட்டினார்கள். ஆனால் கணினி தொடங்கும் கணத்திலேயே மாற்றப்பட்ட நிரல் நுழைவதைத் தடுப்பதற்கும், வன்தட்டைக் குறியாக்கிய சாவியை வெளியே எடுக்க முடியாத இடத்தில் வைப்பதற்கும், கேர்னலின் முக்கிய பகுதியைத் தனியே பிரித்துக் காப்பதற்கும் அவை பயன்படுகின்றன. டிஃபெண்டரும் 2012 இல் விண்டோஸ் 8 உடன் முழுமையான அன்ரிவைரஸாக உள்ளேயே வந்துவிட்டது. இதன் மேல் காசு கொடுத்து இன்னொன்றை ஏற்றுவது வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் தேவையற்றது. கேர்னலுக்குள் ஆழமாக நுழைந்து நிற்கும் பாதுகாப்பு மென்பொருளே ஆபத்தாகலாம் என்பதை 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ரைக் நிறுவனத்தின் பழுதான ஒரு திருத்தம் காட்டியது. எந்தத் தாக்குதலும் இன்றியே உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன.

விண்டோஸ் 11 இன் குறை அதன் இயல்பமைப்புகளில் இருக்கிறது. முதலில் உருவாகும் கணக்கு நிர்வாகிக் கணக்கு. ஏதாவது ஒன்றை நிறுவும்போது வரும் எச்சரிக்கைப் பெட்டியில் கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை, "ஆம்" என்று ஓர் அழுத்து போதும். அந்தப் பெட்டியைப் பாதுகாப்பு எல்லையாகத் தாம் கருதுவதில்லை என்று மைக்ரோசொப்ற்றே சொல்லியிருக்கிறது. நிர்வாகிக் கணக்கைத் தனியே கடவுச்சொல்லுடன் வைத்துவிட்டு, அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கொன்றை உருவாக்குவது காசு செலவில்லாத, ஆனால் பயன் பெரிதான வேலை; கடைகளில் அதை யாரும் செய்து தருவதில்லை. இன்னொன்று: புதிய மடிக்கணினிகளில் வன்தட்டு தானாகவே குறியாக்கப்படுகிறது, அதன் மீட்புச் சாவி மைக்ரோசொப்ற் கணக்கில் சேமிக்கப்படுகிறது. கணினியை அமைத்துத் தரும் கடைக்காரர் அவசரத்தில் தம்முடைய மின்னஞ்சலையே கொடுத்திருந்தால், சாவி இருப்பது அவருடைய கணக்கில். கணினியைத் தொடக்கிவைக்கும் பயோஸ் நிரலின் அப்டேற்றுக்குப் பிறகு நீலப் பக்கம் ஒன்று 48 இலக்கச் சாவியைக் கேட்கும் நாளில்தான் வாங்கியவர் இதை அறிவார்.

விண்டோஸ் 10 பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2025 ஒக்ரோபர் 14 உடன் அதற்கான ஆதரவு முடிந்தது. வீட்டுப் பாவனையாளர்கள் பதிவுசெய்துகொண்டால் 2026 ஒக்ரோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. நம்மூருக்குப் பழைய கணினிகளாக வந்து விலைப்படும் ஆறாம், ஏழாம் தலைமுறை இன்ரெல் கணினிகள் அனேகமாக அனைத்தும் விண்டோஸ் 11 இன் நிபந்தனைக்கு வெளியே நிற்கின்றன. நிபந்தனையைச் சுற்றிச் சென்று விண்டோஸ் 11 ஐ ஏற்றித் தரும் கடைகள் உண்டு. அது ஓடும், பலவேளை நன்றாகவே ஓடும். ஆனால் அத்தகைய கணினிக்குத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் என்பதற்கு மைக்ரோசொப்ற் உத்தரவாதம் தருவதில்லை.

திருத்தம் வெளியாவது வேறு, வந்து சேர்வது வேறு என்பதற்கு கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னக்ரை புழுவைவிடத் தெளிவான சான்று இல்லை. அந்தப் புழு பயன்படுத்திய ஓட்டையை மைக்ரோசொப்ற் 2017 மார்ச் 14 இல் அடைத்துவிட்டது. புழு பரவியது மே 12 இல். இடைப்பட்ட எட்டு வாரங்களில் திருத்தத்தை ஏற்றாதவர்களே மாட்டினார்கள், அவர்களுள் பெரும்பான்மையினர் அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 பாவித்தவர்கள். இங்கே திருத்தம் வராமற்போவதற்கு நம்முடையதேயான ஒரு காரணமும் இருக்கிறது. வீட்டு இணைப்பு இல்லாமல் கைப்பேசியின் ஹொட்ஸ்பொட்டிலோ டொங்கிளிலோ இணையம் பாவிப்பவர்கள், டேற்றா கரைந்துவிடும் என்று அந்த இணைப்பை அளவிடப்பட்ட இணைப்பாகக் குறித்துவிடுகிறார்கள். குறித்ததும் விண்டோஸ் தன் திருத்தங்களில் பெரும்பகுதியை இறக்காமல் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, இலங்கை நேரத்தில் அன்றிரவு, மைக்ரோசொப்ற்றின் மாதாந்தத் திருத்தங்கள் வெளியாகும். அந்த வாரத்தில் ஒருநாள் நல்ல இணைப்புள்ள இடத்துக்கு மடிக்கணினியைக் கொண்டுபோய் இறக்கிக்கொள்வது போதுமானது.

லினக்ஸுக்கு வருவோம். வழமையாக அதற்குச் சூட்டப்படும் புகழ், மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால் ஓட்டைகள் விரைவில் கண்ணில் படும் என்பது. இதை நான் முழுமையாக ஏற்பதில்லை. சாதாரணப் பாவனையாளர் நிர்வாகி அதிகாரத்தைக் கைப்பற்ற இடங்கொடுத்த பிகேஎக்ஸெக் என்ற கருவியின் ஓட்டை 2009 முதல் எல்லா முக்கிய லினக்ஸ் பதிப்புகளிலும் இருந்தது. 2022 ஜனவரியில்தான் வெளியே வந்தது. அத்தனை ஆண்டுகளும் நிரல் திறந்தேதான் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் லினக்ஸின் உண்மையான பாதுகாப்புப் பலம் வேறிடத்தில் இருக்கிறது: அது இலவசம், ஆகவே அதைக் கிராக் செய்ய யாருக்கும் தேவையில்லை, ஆகவே உற்பத்தியாளரின் பிரதி அப்படியே நம் கணினிக்கு வருகிறது. வந்த பிறகும், வேண்டிய மென்பொருள்களைத் தேடிக் கண்ட கண்ட தளங்களுக்குப் போக வேண்டியதில்லை. வெளியீட்டாளர் பேணும், கையொப்பமிடப்பட்ட மென்பொருள் களஞ்சியத்திலிருந்து எல்லாம் இறங்குகின்றன, இயங்குதளத்துக்கும் உலாவிக்கும் லிப்ரெஓபிஸுக்கும் ஒரே அழுத்தில் திருத்தம் வருகிறது.

தமிழ்த் தட்டச்சை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் தமிழில் எழுத விரும்புபவர் பாமினி எழுத்துருவையும் விசைப்பலகை மென்பொருளையும் தேடி, பெயர் தெரியாத இறக்குத் தளங்களில் பச்சை நிறத்தில் மின்னும் பொத்தான்களில் எது உண்மையானது என்று தடுமாறுகிறார். நான் கண்ட விளம்பர நிரல் தொற்றுகளில் பல அந்தத் தேடலில் ஒட்டிக்கொண்டவை. உபுண்டுவிலும் மின்ற்றிலும் ஐபஸ் என்ற உள்ளீட்டு வசதிக்கான தமிழ்99, ஒலியியல், தட்டச்சு விசைப்பலகைகள் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. பழைய பாமினி ஆவணங்களைத் திறக்க எழுத்துருக் கோப்பை நாமே கொண்டுவந்து வைக்க வேண்டும், அது ஒன்றுதான் வேலை.

இந்த நம்பிக்கைச் சங்கிலியும் அறுந்த சந்தர்ப்பங்கள் உண்டு. 2016 பெப்ரவரி 20 இல் லினக்ஸ் மின்ற்றின் இணையத்தளத்துக்குள் நுழைந்த ஒருவர், 17.3 பதிப்பின் இறக்குச் சுட்டியைப் பின்கதவு (வெளியாள் இரகசியமாக நுழையும் வழி) வைத்த பிரதிக்குத் திருப்பிவிட்டார். அன்று இறக்கியவர்கள் தீங்குநிரலை நேரே நிறுவினார்கள். இறக்கிய கோப்பு மாற்றப்படாததா என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டு நிமிட வேலையை நான் தவறாமல் செய்வது அதற்காகத்தான். 2024 மார்ச் இறுதியில் வெளிப்பட்ட எக்ஸ்ஸெட் விவகாரம் இன்னும் ஆழமானது: நெடுங்காலம் நல்ல பங்களிப்பாளராக நடித்த ஒருவர், எங்கும் பாவிக்கப்படும் ஒரு சுருக்கல் நூலகத்துக்குள் பின்கதவை வைத்துவிட்டார். மைக்ரோசொப்ற்றில் பணியாற்றும் அன்ட்ரெஸ் ஃபிரொய்ண்ட், தொலை உள்நுழைவு ஏறத்தாழ அரைவினாடி தாமதிப்பதைக் கவனித்துத் தோண்டியதால் அது பிடிபட்டது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கவில்லை; புதியதையே தேடி ஓடும் பதிப்புகளை அலுவலகத்தில் வைக்கக்கூடாது என்பதற்கு எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

உபுண்டு, மின்ற் இரண்டுள் எது என்றால், பாதுகாப்பை மட்டும் பார்த்தால் உபுண்டுவுக்கே என் வாக்கு. நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு 5 ஆண்டுகள் திருத்தம் உண்டு. தனிப்பட்ட பாவனையாளர் 5 கணினிகள் வரை உபுண்டு புரோவை இலவசமாகப் பதிவுசெய்து அதை 10 ஆண்டுகளாக்கிக்கொள்ளலாம். திரையைக் கையாளும் அதன் வேலண்ட் காட்சியமைப்பில் ஒரு செயலி மற்றச் செயலியில் தட்டப்படும் எழுத்துகளைக் களவாகப் படிப்பது கடினம். மின்ற்றின் மேசைத்திரையான சினமன் இயல்பாகப் பாவித்துவரும் எக்ஸ்11 என்ற பழைய காட்சியமைப்பில் அந்தத் தடுப்பு இல்லை. மறுபுறம், விண்டோஸுக்குப் பழகிய கைக்கு மின்ற் உடனே பிடித்துப்போகிறது, பழைய கணினியிலும் இலேசாக ஓடுகிறது. பிடிக்காத உபுண்டுவை ஒரு மாதத்தில் அழித்துவிட்டுக் கிராக் விண்டோஸுக்குத் திரும்புபவரைவிட, மின்ற்றிலேயே நிற்பவர் பாதுகாப்பாக இருக்கிறார்.

மக்ஓஎஸ், வடிவமைப்பு நேர்த்தியில் இங்குள்ள எல்லாவற்றிலும் முன்னிற்கிறது. கையொப்பம் இல்லாத செயலிகளை 2012 முதல் கேற்கீப்பர் மறிக்கிறது. 2015 முதல் நிர்வாகியால்கூட இயங்குதளத்தின் கோப்புகளைத் தொட முடியாது. 2020 இல் இயங்குதளம் இருக்கும் பகுதியே முத்திரையிடப்பட்டுவிட்டது. மக்குக்கு வைரஸ் வராது என்ற நம்பிக்கை மட்டும் பழையது. 2012 இல் ஃபிளாஷ்பாக் என்ற நிரல் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக் கணினிகளைத் தொற்றியது, கடவுச்சொற்களை அள்ளிச்செல்லும் நிரல்கள் இப்போது ரெலிகிராமில் வாடகைக்கு விடப்படுகின்றன. நம்மூரில் சிக்கல் விலையோடு தொடங்குகிறது. ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும் மாமாவோ சித்தியோ கொண்டுவந்து கொடுக்கும் மக்புக் அனேகமாக அவர்கள் பாவித்து முடித்த பழையது. 2015 ஆம் ஆண்டின் மக்புக் எயார் மொன்ரேரே பதிப்போடு நின்றுவிட்டது, அந்தப் பதிப்புக்கான கடைசித் திருத்தம் 2024 ஜூலையில் வந்தது. 2025 இல் வெளியான தஹோ பதிப்போடு இன்ரெல் மக் கணினிகள் அனைத்துக்குமான புதிய பதிப்புகளை அப்பிள் நிறுத்திக்கொண்டது. ஆகவே அன்பளிப்பாக வரும் மக்கை மறுக்க வேண்டாம், ஆனால் வங்கிக் கணக்கைத் திறக்குமுன் அதன் ஆண்டைப் பாருங்கள்; கொடுப்பவர் தம் அப்பிள் கணக்கிலிருந்து அதை விடுவித்துவிட்டாரா என்பதையும் அவர் விமானம் ஏறுமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் 2022 இல் பழைய கணினிகளுக்காகக் கூகிள் இலவசமாக வெளியிட்டது. உலாவி மட்டும் போதும் என்பவருக்கு இது நல்ல தெரிவு. விண்டோஸ் நிரல் எதுவும் ஓடாது, திருத்தம் சத்தமின்றித் தானே வரும். ஆனால் குரோம்புக்கில் இருக்கும் கூகிள் பாதுகாப்புச் சில்லு பழைய கணினியில் இல்லாததால், தொடக்கத்திலேயே தன்னைத் தானே சரிபார்க்கும் குரோம்புக்கின் சிறந்த அம்சம் இதில் கிடைப்பதில்லை. இணைப்பு அடிக்கடி அறும் இடங்களில் பயனும் குறைவு.

காப்புப் பிரதியை எந்த இயங்குதளமும் நமக்காகச் செய்து தருவதில்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக்கணினி மீது நடந்த, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தாக்குதலில், அந்த ஆண்டின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாமற் போயின. காலாவதியான மின்னஞ்சல் மென்பொருளும், அந்தக் காலத்துக்குரிய பிரதி இல்லாமையும் ஒன்றுசேர்ந்த விளைவு அது. மின்வெட்டும் இதே கணக்கில் வரும். திருத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மேசைக் கணினி தொடங்காமலே போகலாம், அதற்கு அஞ்சியே பலர் திருத்தத்தை நிறுத்திவைக்கிறார்கள். ஒரு சிறு யூபிஎஸ், இந்த நோக்கில், பாதுகாப்புச் சாதனமும் ஆகிறது.

கணக்காளர் அலுவலகத்துக்கும், விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளை நம்பியிருப்பவர்களுக்கும் உரிமத்துடன் கூடிய விண்டோஸ் 11 ஐயே பரிந்துரைக்கிறேன், சாதாரணக் கணக்குடன். எட்டாம் தலைமுறைக்கு முந்திய கணினியாக இருந்தால், வீட்டுக்கானாலும் ரியூட்டரிக்கானாலும் மின்ற் அல்லது உபுண்டு. விண்டோஸுடன் விற்கப்படும் கணினியொன்றை வாங்குகிறீர்களென்றால், காசைக் கொடுக்குமுன் கடையில் வைத்தே மூன்றைப் பாருங்கள். டிஃபெண்டரின் விலக்குப் பட்டியல் வெறுமையாக இருக்க வேண்டும். அப்டேற் பக்கத்தில் கடைசியாகச் சரிபார்த்த திகதி அண்மையதாக இருக்க வேண்டும். செயற்படுத்தல் பக்கத்தில் டிஜிற்றல் உரிமம் என்று இருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தின் செயற்படுத்தும் சேவையால் செயற்படுத்தப்பட்டது என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால், அது எந்த நிறுவனம் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.